காட்டு வான்கோழி இறகில் அம்புச் சிறகு: உரிப்பதா, தேய்ப்பதா?

காட்டுவழி:

வணக்கம். வேட்டைக்குப் போகும் நண்பர் ஒருவர் காட்டு வான்கோழிச் சேவலின் இரண்டு இறக்கைகளையும் முழுசாகக் கொடுத்திருக்கிறார். போராக்ஸ் தூவிக் காயவைத்தவை. கூடவே ஒரு பை நிறைய வால் இறகு. இறக்கை இறகுகள் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருக்கின்றன. இதைப் பார்த்த பிறகு, கடையில் வாங்கும் சாயம் போட்ட இறகின் மேல் மனசு போகவே மாட்டேன் என்கிறது.

என்னிடம் இருப்பது 45 பவுண்டு இழுவிசை கொண்ட லாங்போ, அதாவது நீள வில். அம்பைத் தாங்கும் தனி ரெஸ்ட் கிடையாது, பிடிக்கு மேலே உள்ள வில்லின் திட்டிலேயே அம்பை வைத்து எய்கிறேன். 11/32 அங்குல செடார் மர அம்புத் தண்டுகள் ஒரு டஜன் தயாராக இருக்கின்றன. மூன்று இறகு, 5 அங்குல நீளம் என்று நினைத்திருக்கிறேன்.

எந்த இறகை எடுப்பது, எதைத் தள்ளுவது? வலது இறக்கை, இடது இறக்கை என்கிறார்களே, பிடுங்கிய பிறகு எப்படி அடையாளம் தெரியும்? நடுத்தண்டிலிருந்து கையால் உரித்தால் போதும் என்கிறார் ஒருவர், பெல்ட் சாண்டரில் (உப்புத்தாள் பட்டை சுழலும் இயந்திரம்) தேய்க்காமல் ஒட்டினால் அது அம்பே இல்லை என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

குறிதவறா:

தேய்த்து முடித்த முழு நீள இறகு ட்ரூஃப்ளைட், கேட்வே போன்ற இறகு நிறுவனங்களில் கிடைக்கிறது. அதுவும் வான்கோழி இறகுதான், பண்ணையில் வளரும் வெள்ளை வான்கோழியுடையது. பட்டை வேண்டுமென்றால் பட்டை அச்சிட்டும் தருகிறார்கள். வாங்கி ஒட்டினால் ஒரு சாயங்காலத்தில் வேலை முடிந்துவிடும். நீங்கள் கேட்பது பல வாரத்து வேலை. அம்பு எய்ய வேண்டுமா, இறகு தேய்க்க வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

மரவில்:

குறிதவறா சொல்வதில் தப்பில்லை. ஆனால் இறக்கை இரண்டும் கைக்கு வந்துவிட்டது, அதைத் தூக்கியா எறிய முடியும்?

தம்பி காட்டுவழி, எதையும் பிடுங்குவதற்கு முன் இரண்டு இறக்கைகளையும் தனித்தனிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி உறைபெட்டியில் வையுங்கள். சில நாள் கழித்து எடுத்து ஒரு நாள் வெளியே வைத்துவிட்டு, மறுபடி உறையவிடுங்கள். முதல் குளிரில் தப்பியது இருந்தால் இரண்டாவது குளிரில் அதுவும் போய்விடும். அந்துப்பூச்சியும் கம்பள வண்டும் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால், ஒட்டி முடித்த அம்பின் இறகைக்கூட விட்டுவைக்காது.

அடுத்து வகை பிரிப்பது. என்னைக் கேட்டால் இந்த வேலையில் பாதி இதுதான். உரிப்பதா தேய்ப்பதா என்று எல்லோரும் சண்டை போடுகிறார்கள். ஆனால் அம்பு நேராகப் போவதையும் போகாததையும் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த ஒரு அம்பில் இருக்கும் மூன்று இறகும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பொருந்துகிறது என்பதுதான்.

இறக்கையை விரித்துப் பாருங்கள். நுனிப் பக்கம் விறைப்பாக, நீளமாக இருக்கும் பத்து இறகுகள் முதன்மை இறகுகள். அதற்கு உள்ளே உடம்பை நோக்கி வருபவை இரண்டாம் நிலை இறகுகள். இவை இன்னும் அகலம், கொஞ்சம் மென்மை, வளைவும் அதிகம். இரண்டிலும் அம்புச் சிறகு செய்யலாம், ஆனால் ஒரே அம்பில் கலக்கக் கூடாது. ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போதே தண்டின் அடியில் பென்சிலால் எண் போடுங்கள்: வ1, வ2, இ1, இ2 என்று. பிறகு 4, 5, 6 ஒரு அம்புக்கு, 7, 8, 9 அடுத்த அம்புக்கு என்று பக்கத்துப் பக்கத்து இறகுகளைச் சேர்த்தால் தடிமனும் விறைப்பும் ஏறக்குறைய ஒத்துப்போகும். கடைசியில் இருக்கும் மிகச் சிறியவற்றைத் தள்ளிவிடலாம்.

சேவல் தோகை விரித்து ஆடும்போது இறக்கை நுனியைத் தரையில் இழுத்துக்கொண்டே நடக்கும். அதனால் வெளி இறகுகளின் நுனி தேய்ந்து மழுங்கியிருக்கும். அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், நமக்கு வேண்டியது நடுப்பகுதிதான்.

காட்டுவழி:

நன்றி அண்ணா. இறக்கையாக இருக்கும்வரை வலது இடது தெரிகிறது, சரி. ஆனால் பையில் உதிரியாகவும் பத்துப் பதினைந்து இறகுகள் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

நாணொலி:

இது எளிது. இறகின் மேல்பக்கம், அதாவது பறவை பறக்கும்போது வானத்தைப் பார்க்கும் பக்கம், உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். அடிப்பக்கத்தில் நடுத்தண்டின் நெடுகிலும் ஒரு பள்ளம் ஓடும், மேல்பக்கம் வழவழப்பாக இருக்கும். அதை வைத்தே மேல் கீழ் தெரிந்துவிடும். இப்போது நுனியை மேல்நோக்கிப் பிடியுங்கள். குறுகிய பக்கம் இடது கைப் பக்கமாக வந்தால் அது வலது இறக்கை. வலது கைப் பக்கமாக வந்தால் இடது இறக்கை.

குறுகிய பக்கம் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் முன்விளிம்பு. நமக்கு அது வேண்டாம். அகலமான பின்பக்கம்தான் அம்புக்கு.

எந்த இறக்கை நல்லது என்று யாராவது ஆரம்பித்தால் காதில் வாங்காதீர்கள். ஒரே அம்பில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். வலது இறகு அம்பை, பின்னாலிருந்து பார்த்தால், கடிகாரம் சுற்றும் திசையில் சுழற்றும், இடது இறகு எதிர்த்திசையில். கலந்துவிட்டால் ஒன்று இந்தப் பக்கம் இழுக்கும், இன்னொன்று அந்தப் பக்கம் இழுக்கும்.

குறிதவறா:

வித்தியாசம் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது அக்கா. திருகிப் பொருத்தும் முனை போட்டால் வலது இறக்கைதான் சௌகரியம். அம்பு இலக்கில் குத்தும்போது முனை நின்றுவிடும், தண்டு இன்னும் சுற்றப் பார்க்கும். வலது சுழற்சியில் அது திருகை இறுக்கும், இடது சுழற்சியில் தளர்த்தும். ஒருபக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டிய வேட்டை முனை என்றாலும் சாய்வும் சுழற்சியும் ஒரே திசையில் இருக்க வேண்டும்.

நாணொலி:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் வைத்திருப்பது செடார் தண்டு. முனையை உருகும் பசையில் ஒட்டப் போகிறார். அவருக்கு இது பொருட்டே இல்லை.

கூழாங்கல்:

நடுவில் ஒரு கேள்வி. காட்டில் நடக்கும்போது நானும் சில பெரிய இறகுகள் பொறுக்கி வைத்திருக்கிறேன். அடர் பழுப்பு, அடியில் வெள்ளிச் சாம்பல் நிறம், பட்டை ஒன்றும் இல்லை. நீளம் நன்றாக இருக்கிறது. இதுவும் வான்கோழிதானே? பயன்படுத்தலாமா?

மரவில்:

தம்பி, அதைத் தொடாதீர்கள். நீங்கள் சொல்லும் நிறத்தைப் பார்த்தால் வான்கோழிக் கழுகு மாதிரி இருக்கிறது. டர்க்கி வல்ச்சர் என்பார்களே, சிவந்த மொட்டைத் தலையோடு வானத்தில் வட்டமடிக்கும், அது. பெயரில்தான் வான்கோழி, உறவு ஒன்றும் கிடையாது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காட்டு வான்கோழியின் முதன்மை இறகில் கறுப்பு வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். இளம் சேவலில் கடைசி ஒன்றிரண்டு இறகின் நுனியில் பட்டை இல்லாமல் இருக்கலாம், ஆனால் அடியில் பட்டை இருக்கும்.

அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் கழுகு, பருந்து, ஆந்தை, காகம் என்று பெரும்பாலான நாட்டுப் பறவைகளைக் காக்கிறது. இந்த வல்ச்சரும் அதில் வரும். உதிர்ந்து கிடந்த இறகு, நான் கொல்லவில்லை என்று சொன்னாலும் செல்லாது, வைத்திருப்பதே குற்றம். வெண்தலைக் கழுகுக்கு 1940லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. பொன்னாங்கழுகைப் பிறகு அதில் சேர்த்தார்கள். வான்கோழி வலசை போகாத வேட்டைப் பறவை என்பதால் 1918 சட்டத்துக்குள் வராது. நம்மைப் போன்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் விற்பது, பண்டமாற்று செய்வது எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநில வனவிலங்குத் துறையின் விதியைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

கூழாங்கல்:

ஐயோ. எடுத்த இடத்திலேயே போட்டுவிடுகிறேன்.

நாணொலி:

இப்போது உரிப்பதா தேய்ப்பதா என்ற விஷயத்துக்கு வருவோம். இரண்டும் செய்கிறேன், அதனால் இரண்டு பக்கமும் பேசலாம்.

உரிப்பது: இறகின் நுனியில் அகலப் பக்கத்தைக் கொஞ்சம் பிரித்து, விரலால் இறுகப் பிடித்து, அடியை நோக்கி நிதானமாக இழுக்க வேண்டும். தண்டின் மேல்தோல் மட்டும் மெல்லிய நாடாவாக இறகோடு வந்துவிடும். கொஞ்சம் ஈரப்பதம் இருந்தால் நன்றாக வரும், வறண்டிருந்தால் பாதியில் கிழியும். ஒரு கருவியும் வேண்டாம், சத்தம் கிடையாது, தூசி கிடையாது. குறை என்னவென்றால், அடிப்பகுதி அவ்வளவு மெல்லியது என்பதால் நெளியும், சுருளும். ஒட்டும்போது இறகைப் பிடித்துக்கொள்ளும் ஜிக் கருவியில் மாட்டும்போது பொறுமையைச் சோதிக்கும். பசையோடு மட்டும் விட்டால் ஓரம் எழும்பும். முன்னும் பின்னும் நூல் கட்டினால் நன்றாக நிற்கும்.

தேய்ப்பது: கூர்மையான பிளேடால் தண்டை நெடுக இரண்டாகப் பிளந்து, குறுகிய பக்கத்தைத் தள்ளிவிட வேண்டும். அகலப் பக்கத்தை இரண்டு நேரான உலோகப் பட்டைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கி, தண்டு மட்டும் ஒரு கோடாக வெளியே நீட்டும்படி செய்ய வேண்டும். பிறகு சாண்டரில், முதலில் 80 அளவு உப்புத்தாள், கடைசியில் 120. அடியைத் தட்டையாக்கிய பின் பட்டையைக் கொஞ்சம் சாய்த்துப் பக்கவாட்டையும் எடுக்க வேண்டும். ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன் வந்தால் நிறுத்திவிடலாம். பெல்ட் சாண்டர் இல்லாவிட்டால் ஒரு பலகையில் உப்புத்தாளை ஒட்டி, பட்டையோடு சேர்த்துக் கையால் தேய்த்தாலும் வரும், தோள்தான் வலிக்கும்.

முகக்கவசம் இல்லாமல் தேய்க்காதீர்கள். நல்ல முகக்கவசம், துணி அல்ல. முடி கருகும் நாற்றத்தோடு பொடி பறக்கும். அந்தப் பொடி நுரையீரலுக்கு நல்லதில்லை. முடிந்தால் வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

மரவில்:

நான் உரிப்பவன் கட்சி. காரணம் சோம்பேறித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழைய ஆட்களிடம் சாண்டர் இருந்ததில்லை. 1545இல் மூழ்கி 1982இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் ஆயிரக்கணக்கான அம்புகள் கிடைத்தன. இறகு மட்கிப் போய்விட்டது. நூல் சுற்றிய தடமும், செம்பு கலந்த பச்சை நிறப் பசையும் தண்டில் தங்கியிருந்தன. இழைகளுக்கு நடுவே நூலைச் சுருளாக ஓட்டிக் கட்டியிருக்கிறார்கள். பசை மட்டும் போதும் என்று அவர்கள் நம்பவில்லை. அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் வாழ்ந்த பழங்குடிகள் வான்கோழி இறகு இரண்டை எதிரெதிராக வைத்து, முனையில் தசைநார் கொண்டு கட்டினார்கள். மூன்றுதான் வேண்டும் என்பதுகூடக் கட்டாயம் இல்லை.

குறிதவறா:

பழைய ஆட்களிடம் பல் மருத்துவரும் இருந்ததில்லை. தேய்த்தால் ஒரு டஜனும் ஒரே மாதிரி வரும். உரித்தால் ஒவ்வொன்றும் ஒரு விதம்.

காட்டுவழி:

வலது இறக்கையில் ஆரம்பித்தேன், தேய்க்கும் முறைதான். முதல் ஆறு இறகுகளின் படத்தை இணைத்திருக்கிறேன். தட்டையாகத்தான் தேய்த்தேன், ஆனால் கிளாம்பிலிருந்து எடுத்ததும் மூன்று இறகு பக்கவாட்டில் வில்லாக வளைந்துகொள்கிறது. இறகின் உயரத்திலும் பாதிக்கு மேல் கிழிந்த மாதிரி இருக்கிறது.

நாணொலி:

படம் பார்த்தேன். வளைவதற்குக் காரணம் தண்டின் ஒரு பக்கத்தில் வெள்ளைச் சோறு அதிகமாகத் தங்கியிருக்கிறது, மறுபக்கத்தில் போய்விட்டது. வளைவின் வெளிப்பக்கம் எது, உள்பக்கம் எது என்று பாருங்கள், தடிமன் எங்கே என்று விரல் நகத்தாலேயே தெரியும். மறுபடி கிளாம்பில் மாட்டி, அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு மூன்று தடவை தொட்டு எடுத்தால் நேராகும். அதற்காக முழுசாகத் தேய்த்துத் தோல்வரைக்கும் போய்விடாதீர்கள்.

கிழிசல் வேறு விஷயம். இறகைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். தண்டை ஒட்டி ஒரு மினுமினுப்பான அடர்த்தியான பகுதி தெரியும், அதற்கு மேலே மங்கலாக, லேசாக இருக்கும். மினுமினுப்பு முடியும் கோட்டை ஆயில் லைன் என்பார்கள். அதற்குக் கீழே உள்ள பகுதிதான் பலம். நீங்கள் வெட்டும் வடிவம் முடிந்தவரை அதற்குள் அடங்க வேண்டும். மேலே இருப்பது எப்படியும் கத்தரிக்குப் போகப் போகிறது, கவலை வேண்டாம். மற்றபடி இழைகள் பிரிந்திருந்தால் கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் காட்டி, அடியிலிருந்து விளிம்பை நோக்கி விரலால் நீவிவிடுங்கள். கொக்கிகள் மறுபடி கோத்துக்கொள்ளும்.

மரவில்:

இன்னொன்று. கழுவ வேண்டுமென்றால் வெதுவெதுப்பான தண்ணீரும் துளி பாத்திர சோப்பும் போதும், ஊறவைக்க வேண்டாம். காட்டுப் பறவையின் இறகில் இருக்கும் எண்ணெயைக் காரமான சோப்பு போட்டு உரித்துவிட்டால் மழையில் சீக்கிரம் நனையும்.

அப்புறம் அந்தப் பட்டை. கறுப்புப் பகுதியில் மெலனின் இருக்கிறது, அதனால் உரசலைத் தாங்கும். வெள்ளைப் பகுதி சீக்கிரம் தேயும். பட்டை இறகு போட்ட பழைய அம்பை எடுத்துப் பார்த்தால் விளிம்பு ரம்பம் மாதிரி ஏறி இறங்கித் தேய்ந்திருக்கும். அழகுக்குக் கொடுக்கும் விலை.

காட்டுவழி:

அந்தப் பக்கத்தைத் தொட்டு எடுத்ததும் நேராகிவிட்டது, நன்றி அக்கா. இனி வெட்டுவதும் ஒட்டுவதும். வெட்ட அச்சுக் கருவி இல்லை.

குறிதவறா:

நிக்ரோம் கம்பியை உங்களுக்கு வேண்டிய வடிவத்தில் வளைத்து, குறைந்த மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மரில் சூடாக்கினால் இறகைச் சுட்டு வடிவமாக்கும் பர்னர் தயார். ஒட்டிய பிறகு அம்பை மெதுவாக ஒரு சுற்று சுற்றினால் மூன்று இறகும் ஒரே வடிவம். நாற்றம் அடிக்கும், கதவைத் திறந்து வையுங்கள்.

நாணொலி:

அது பெரிய ஏற்பாடு. ஒரு டஜனுக்கு தகரத்தில் வெட்டிய இரண்டு அச்சும் கூர்மையான கத்தரியும் போதும். அச்சுகளுக்கு நடுவே இறகை வைத்து கிளிப்பால் இறுக்கி, ஓரத்தை ஒட்டி வெட்டுங்கள். பின்முனை வளைந்து சரியும் பாராபாலிக் வடிவம் வெட்டச் சுலபம், சத்தமும் குறைவு. கேடய வடிவம் பார்க்க அழகு, ஆனால் பறக்கும்போது சீறும்.

ஒட்டும்போது கவனிக்க வேண்டியது: இறகுத் தண்டின் தடித்த அடி, அம்பு முனையை நோக்கி; மெல்லிய நுனி, நாக்கை (nock, அம்பின் பின்னால் நாணில் மாட்டும் பள்ளமுள்ள துண்டு) நோக்கி. முனையிலிருந்து நாக் பக்கம் விரலை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். விரலால் நாண் இழுப்பவர் நீங்கள், அதனால் நாக்கின் பள்ளத்திலிருந்து இறகு ஒரு அங்குலம் தள்ளி முடியட்டும். இரண்டு மூன்று டிகிரி சாய்வு போதும். வலது இறகுக்கு வலது கிளாம்ப், அல்லது நேர் கிளாம்பைக் கொஞ்சம் வலது சாய்வில். பசைக்கு ட்யூகோ சிமெண்ட் அல்லது ஃப்ளெட்ச் டைட், தண்டில் பூசிய லாக்கரோடு ஒத்துப்போகிறதா என்று உடைந்த துண்டில் முதலில் பார்த்துவிடுங்கள்.

முக்கியமாக முன்முனை. திட்டிலிருந்து எய்கிறீர்கள், இறகு உங்கள் கையின் மேலேயே போகிறது. முன்முனை கூராக எழும்பியிருந்தால் தோலைக் கீறும், தண்டுச் சில் உள்ளே குத்தியும் விடும். சரிவாகச் சீவி, நூல் சுற்றி, மேலே ஒரு துளி பசை. இதை மட்டும் எந்த அம்பிலும் விடாதீர்கள்.

காட்டுவழி:

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 அங்குலம் தாராளமாக வரும் இறகு ஒரு இறக்கையில் பதினெட்டு தேறுகிறது. ஆறு அம்பு. மிச்ச ஆறுக்கு இடது இறக்கைதான். டஜனில் பாதி ஒரு பக்கம் சுற்றும், பாதி மறுபக்கம் சுற்றும். பரவாயில்லையா?

மரவில்:

ஒவ்வொரு அம்பும் தனக்குள் சரியாக இருந்தால் போதும். பயிற்சி தூரத்தில் உங்களுக்கு வித்தியாசம் தெரிந்தால் சொல்லுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன். மனசு கேட்காவிட்டால் நாக்கின் நிறத்தை மாற்றி இரண்டு செட்டாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சுற்றுக்கு ஒரு செட்.

வேறு வழியும் உண்டு. நீளமான முதன்மை இறகில் 4 அங்குலத் துண்டு இரண்டு வரலாம். 45 பவுண்டு வில்லுக்கு, சாதாரண முனைக்கு, 4 அங்குலம் போதுமானது. ஆனால் அடித்துண்டும் நுனித்துண்டும் ஒரே விறைப்பாக இருக்காது. அடித்துண்டுகள் மூன்று ஒரு அம்புக்கு, நுனித்துண்டுகள் மூன்று ஒரு அம்புக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

குறிதவறா:

மழைக்கு என்ன செய்வீர்கள்? எவ்வளவு தேய்த்தாலும் நனைந்த இறகு படுத்துவிடும். இறகுக்குப் பதில் ஒட்டும் பிளாஸ்டிக் வேனுக்கு (vane) அந்தத் தொல்லை இல்லை.

நாணொலி:

பிளாஸ்டிக் வேன் திட்டில் பட்டதும் அம்பை எகிற வைக்கும். இறகு மடங்கிக் கொடுத்துவிட்டுப் போகும். ரெஸ்ட் இல்லாதவருக்கு வேறு வழி கிடையாது. எடையும் பாருங்கள், 5 அங்குல இறகு மூன்றும் சேர்ந்து 10 கிரெயினை (ஏறக்குறைய 0.65 கிராம்) தாண்டாது. மழைக்கு இறகுப் பொடி இருக்கிறது, தூணியில் பிளாஸ்டிக் உறை இருக்கிறது. நனைந்தே போனால் ஆவியில் காட்டினால் எழுந்து நிற்கும்.

காட்டுவழி:

வால் இறகு ஒரு பை அப்படியே கிடக்கிறதே, அதை மறந்துவிட்டேன்.

மரவில்:

வால் இறகு மென்மை, வேகமான அம்புக்கு ஆகாது. ஃப்ளூ-ஃப்ளூ என்னும் குறுந்தூர அம்பு செய்யுங்கள். உரித்த நாடாவை உயரம் வெட்டாமல் தண்டைச் சுற்றிச் சுருளாக ஓட்டி, இரண்டு முனையும் கட்டிவிட வேண்டும். காற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரத்தில் விழுந்துவிடும். மேலே எறியும் இலக்கை எய்ய அதுதான் சரி, அம்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. உரிக்கப் பழகவும் அந்த இறகுதான் தோது. மீதமானால் மீன் பிடிக்கும் ஈ கட்டுகிறவர்கள் யாராவது தெரிந்தால் கேட்டுப் பாருங்கள், சும்மா கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். மற்றதை செடார் சீவலோடு மூடிய பெட்டியில் போட்டு வையுங்கள், பூச்சி அண்டாது.